அல்சூர் சிப்பில் மூன்று பேர் போட்ட உப்பு

"மஞ்சுளா, நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

கைப்பேசித் திரையிலிருந்து மார்ட்டின் ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டபோது நான் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். முன்னால் கண்ணாடி கவுன்டர். பின்னால் கூரை வரைக்கும் அடுக்கிய அட்டைப் பெட்டிகள். வியாழக்கிழமை சாயங்காலம் என்பதால், கடை கடையாகச் சாம்பிராணி போடுகிறவர் அப்போதுதான் வந்து புகையைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தார். எனக்குக் கண்ணில் நீர்.

கடல் கடந்து ஏதோ ஓர் ஊரில், அவருக்குக் காலை, எனக்குச் சாயங்காலம். மார்ட்டின் எங்கள் கம்பெனியின் தலைமையகத்தில் இருப்பவர். எந்தச் சிப்பை என்ன விலைக்கு விற்பது, எதை இழுத்து மூடுவது என்று ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய ஆள். அவருக்குப் பக்கத்தில் காபிக் கோப்பையோடு மூன்று பேர்.

நியாயமாகப் பார்த்தால் நான் அந்நேரம் அவுட்டர் ரிங் ரோட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், ஏசி அறையில், ஒழுங்காகத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அன்று நல்ல மழை. பெங்களூரு நகர மறுத்துவிட்டது. வாடகைக் காருக்கு ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவரும் "மாரத்தஹள்ளியா? பேடா மேடம், பேடா" என்று கன்னடத்தில் வேண்டாமென்றுவிட்டுப் போய்விட்டார்.

"மார்க்கெட்டில் இருக்கிறேன் மார்ட்டின்" என்றேன்.

என் பக்கத்தில், என்னோடு வேலை பார்க்கும் சௌம்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கே எப்படிப் போய் மாட்டிக்கொண்டோம் என்பதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எத்தனை அப்பளம்?

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக எதை எதையோ எழுதியும் என் வேலை என்னவென்று நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கும் புரிவதில்லை என்பதுதான் காரணம். ஜோகுபாளையத்தில் எங்கள் அம்மாவுக்கே இன்னும் புரியவில்லை.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டர் செய்றியா, விக்கிறியா?"

"ரெண்டும் இல்லம்மா. எத்தனை செய்யணும்னு சொல்றேன்."

"அதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?"

அதற்குத்தான் கொடுக்கிறார்கள். எங்கள் கம்பெனி, கம்ப்யூட்டருக்கு மூளையாக இருக்கும் பிராசசர் சிப்பை வடிவமைக்கிறது. வடிவமைப்பதோடு சரி. அதைச் செய்து தருவது வேறொரு நாட்டில், வேறொருவருடைய தொழிற்சாலை. பெரிய அப்பளம் மாதிரி ஒரு வட்டத் தகடு. அதற்கு வேஃபர் என்று பெயர். அந்த ஒரு தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகளை ஒன்றாக உருவாக்கி, பிறகு வெட்டி எடுப்பார்கள். இன்றைக்கு உள்ளே போகும் தகடு முழுச் சிப்பாக வெளியே வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதற்கப்புறம்தான் பெட்டியில் போடுவது, கப்பல், விமானம் எல்லாம்.

இதில் வேடிக்கை, எங்கள் போட்டிக் கம்பெனிக்கும் சிப் செய்து தருவது அதே தொழிற்சாலைதான். கடைத்தெருவில் நாங்களும் அவர்களும் முறைத்துக்கொண்டு நிற்போம். அடுப்பு மட்டும் ஒன்று. அந்த அடுப்பில் யாருக்கு எத்தனை அப்பளம் என்பதற்குத்தான் உலகம் முழுக்க அடிதடி.

மூன்று மாதம் கழித்து ஜனங்கள் என்ன வாங்குவார்கள், போட்டிக்காரன் என்ன விலை வைப்பான் என்பதையெல்லாம் இன்றைக்கே ஊகித்து, "எங்களுக்கு இத்தனை தகடு வேண்டும்" என்று தலைமையகத்திடம் கேட்க வேண்டும். கேட்பது என் வேலை. ஊகம் தப்பினால் வாங்கிக்கட்டிக்கொள்வதும் என் வேலை.

ஏரிக்கு வந்த வாழ்வு

வடிவமைப்பில் இருக்கும்போது ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு செல்லப் பெயர் வைப்பது எங்கள் துறை வழக்கம். எங்கள் கம்பெனியில் ஏரிகளின் பெயர் வைப்பார்கள். எல்லாம் நான் பார்த்தேயிராத நாட்டு ஏரிகள். பனி உறையும் ஏரி, மலைக்கு நடுவில் இருக்கும் ஏரி. இங்கே நாங்கள் அவற்றில் ஒரு மூலையை மட்டும் வடிவமைத்து அனுப்பிவிட்டுக் கைதட்டிக்கொண்டிருப்போம்.

அப்படி இருக்கையில் ஒருநாள், முதன்முறையாக ஒரு முழுச் சிப்பைப் பெங்களூருக்கே கொடுத்தார்கள். சின்னச் சிப். மலிவான சிப். மளிகைக் கடையில் பில் போட, பள்ளிக்கூட லேபில் வைக்க, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க. அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. எங்களுக்கோ கால் தரையில் நிற்கவில்லை.

பெயர் வைப்பதில் பெரிய சண்டை. விற்பனையையும் விலையையும் பார்த்துக்கொள்ளும் சௌம்யா ஹெப்பால்காரி. ஹெப்பால் ஏரிதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் எங்கள் ஜோகுபாளையத்துக்குப் பக்கத்து அல்சூர் ஏரி என்றேன். கடைசியில் கேன்டீனில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அல்சூர் வந்தது. நான் ஏமாற்றிவிட்டதாக இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கடையில் விற்கும் பெட்டியில் அந்தப் பெயர் இருக்காது. அங்கே எண்ணும் எழுத்துமாக வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். அதனால் என்ன? உலகத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டு மார்ட்டின் "உல்சூ, உல்சூ" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏரிக்கரைக் காற்று முகத்தில் அடித்தது போலிருக்கும்.

பள்ளியில் படிக்கும்போது எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பிராசசர் ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்து எடுத்து என் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒட்டி வைத்திருந்தேன். பளபளவென்று மின்னும். அது என்னவென்று தெரியாது. கம்ப்யூட்டரிலேயே உசத்தியான பாகம் என்று மட்டும் நினைப்பு. அந்தப் பெண்ணிடம் போய், உங்கள் ஏரிப் பெயரில் ஒரு பிராசசர் வரப்போகிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

அல்சூர் நன்றாக விற்றால் அல்சூர்-இரண்டையும் நாங்களே வடிவமைக்கலாம். விற்காவிட்டால் அடுத்த சிப் வேறு ஊருக்குப் போய்விடும். நாங்கள் மறுபடி மூலை வரைய வேண்டியதுதான். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

உப்பு

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைப் போட்டு உடைக்கிறேன். தகடு கேட்கும்போது உண்மையான தேவையை யாரும் சொல்ல மாட்டார்கள். எப்படியும் வெட்டுவார்கள் என்று தெரியுமாதலால் ஏற்றித்தான் கேட்பார்கள். ஏற்றிக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியுமாதலால் வெட்டத்தான் செய்வார்கள். இது எழுதி வைக்காத சட்டம். சந்தையில் புடவை பேரம் பேசுகிற மாதிரிதான், ஆங்கிலத்தில் பேசுகிறோம் என்பது மட்டும் வித்தியாசம்.

சௌம்யா உண்மையான தேவையை ஒன்றரை மடங்காக்கி எனக்கு அனுப்பினாள். ஏற்றியதை என்னிடம் சொல்லவில்லை. நான் அதையே உண்மை என்று நம்பி, இன்னும் கொஞ்சம் ஏற்றி, இரண்டு மடங்குக்குக் கொண்டுபோனேன். எங்கள் மேலாளர் ரகுவிடம் நானும் சொல்லவில்லை. திருச்சிக்காரரான ரகு பயந்த சுபாவம். அவர் தன் பங்குக்கு ஏற்றி மூன்று மடங்காக்கி மார்ட்டினுக்கு அனுப்பிவைத்தார்.

எங்கள் வீட்டில் ஒருமுறை இதுதான் நடந்தது. அண்ணன் நிச்சயதார்த்தத்தன்று அம்மா சாம்பாரில் உப்புப் போட்டாள். சித்தி ஒருதரம் போட்டாள். போகிற போக்கில் அத்தையும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள். சம்பந்தி வீட்டார் அன்று மோர் மட்டுமே சாப்பிட்டார்கள்.

மார்ட்டினின் பதில் வந்த காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ரகு அறையில் நாங்கள் மூவரும் நின்றபடி படித்தோம். எங்கள் கம்பெனியின் பெரிய சிப் ஒன்றின் வடிவமைப்பில் ஏதோ கோளாறு கண்டுபிடிக்கப்பட்டுத் தள்ளிப்போகிறதாம். தொழிற்சாலையில் அதற்காகப் பிடித்து வைத்த இடம் காலி. ஆகவே அல்சூருக்குக் கேட்டதை முழுசாகவே கொடுத்துவிட்டோம், வாழ்த்துகள்.

ரகு முகம் வெளுத்தது. "முழுசாவா? இவன் வெட்டுவான்னுதானே நான் கொஞ்சம் ஏத்தினேன்!"

"நீங்களுமா?" என்றேன் நான்.

"நீங்களுமான்னா?" என்றாள் சௌம்யா. "மஞ்சு, நீ ஏத்தினியா? நான் ஏத்திதானே உனக்கு அனுப்பினேன்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. ரகு மட்டும் சிரிக்கவில்லை. திருப்பி வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அடுப்பில் ஏற்றியாகிவிட்டது.

போட்டிக்காரன் போட்ட குண்டு

மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். பிறகு சிப்புகள் வந்து இறங்க ஆரம்பித்தன. கிடங்குகளில் அல்சூர். விநியோகஸ்தர்களிடம் அல்சூர். வந்துகொண்டிருக்கும் விமானத்தில் அல்சூர். தேவையைப்போல மூன்று மடங்கு.

சரியாக அந்த வாரம் போட்டிக் கம்பெனி தன் மலிவுச் சிப்பின் விலையைத் தடாலடியாகக் குறைத்தது. அல்சூரை விட நன்றாகவே குறைவு.

மார்ட்டின் உடனே சொல்லிவிட்டார்: நாமும் குறைக்க வேண்டியதுதான், வியாழன் மீட்டிங்கில் முடிவு. அன்று காலை ரகு எங்களைக் கூப்பிட்டார்.

"சாயங்காலம் மீட்டிங்ல நாம தலையை ஆட்டணும், அவ்வளவுதான். வேற வழி இல்ல. இத்தனை சரக்கை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

சௌம்யா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எங்கள் தொழிலில் விலையைக் குறைத்தால், இனி விற்கப்போவதற்கு மட்டும் குறைத்தால் போதாது. கடைக்காரர்கள் ஏற்கெனவே பழைய விலைக்கு வாங்கி அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளுக்கும் வித்தியாசத்தை நாங்கள் திருப்பித் தர வேண்டும். இருந்த குவியலுக்கு அது எங்கே போய் நிற்கும்?

"ஆய்த்து, முடிஞ்சுது" என்று கணினியை மூடினாள் சௌம்யா. "விலையைக் குறைச்சா நஷ்டம். நஷ்டத்துல விக்கிற சிப்புக்கு ரெண்டாவது கிடையாதுன்னு மார்ட்டினே சொல்லியிருக்கார். குறைக்காம விக்கலன்னாலும் ரெண்டாவது கிடையாது. எப்படிப் பாத்தாலும் அல்சூர்-இரண்டு போச்சு மஞ்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"குறைச்சான் குறைச்சான்னு சொல்றீங்களே, அந்த விலைக்கு அது எந்தக் கடையில கிடைக்குதுன்னு யாராவது போய்ப் பாத்தீங்களா?"

ரகு சௌம்யாவைப் பார்த்தார். சௌம்யா என்னைப் பார்த்தாள். போட்டிக்காரனின் விலையைத் திரையில் பார்த்துவிட்டு இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தோமே தவிர, ஒருத்தரும் கடைப்பக்கம் போகவில்லை.

"கார் கூப்பிடு" என்றேன்.

இரண்டு வாடிக்கையாளர்கள்

எஸ்.பி. ரோடு தெரியாதவர்களுக்கு: சந்து முழுக்கக் கம்ப்யூட்டர் கடை. ஒயர் சுருள், விசிறி, கீபோர்டு, தலைச்சுமையாக மானிட்டர் தூக்கிப்போகிறவர்கள், நடுவில் ஒரு மாடு. நான்கு பாஷையில் விலை கேட்கலாம், ஐந்தாவது பாஷையில் திட்டு வாங்கலாம்.

வாடிக்கையாளர்கள் மாதிரி கடை கடையாக ஏறினோம். சௌம்யா கன்னடத்தில் ஆரம்பிப்பாள், நான் தமிழில் முடிப்பேன். போட்டிக்காரனின் சிப் வேண்டும், பத்துப் பீஸ், என்ன விலை?

முதல் கடையில் விலையைச் சட்டென்று சொன்னார்கள். குறைந்த விலைதான். எடுத்துக் கொடுங்கள் என்றால், "ஆர்டர் போட்டா வரும் மேடம்."

"எப்போ வரும்?"

"வரும் மேடம்."

இரண்டாவது கடையில் நேற்றுத்தான் தீர்ந்ததாம். மூன்றாவதில் நாளைக்கு வருமாம். நாலாவது கடைக்காரர் ஒரே ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தார், அதுவும் சீல் பிரிந்தது. சௌம்யா ஹூப்ளியிலும் கோயம்புத்தூரிலும் தனக்குத் தெரிந்த கடைக்காரர்களுக்குப் போன் போட்டாள். அங்கேயும் இதே பாட்டு.

ஒரு டீக்கடை வாசலில், மழைக்கு ஒதுங்கி நிற்கும்போது எனக்குப் பொறி தட்டியது. கையிலிருந்த டீ கொட்டியே விட்டது.

"சௌம்யா! அவங்களுக்கும் நமக்கும் ஒரே ஃபேக்டரி!"

"அதுக்கென்ன?"

"அவங்க பெரிய சர்வர் சிப்புல லாபம் ஜாஸ்தின்னு தகடு எல்லாத்தையும் அதுக்குக் குடுத்திருப்பாங்க. சின்னதுக்குப் பத்தாம நடுவுல காலி இடம் தேடியிருப்பாங்க. அந்தக் காலி இடத்துல மூணு மாசமா என்ன வெந்துச்சு?"

சௌம்யாவின் வாய் திறந்தபடி நின்றது.

"அல்சூர்!" என்றோம் இருவரும் ஒரே குரலில். டீக்கடைக்காரர் மேலே கூரையைப் பார்த்தார், ஏதாவது ஒழுகுகிறதா என்று.

இது ஊகம்தான். ஆனால் என்ன மாதிரி ஊகம்! அவர்கள் குறைத்தது கையில் இல்லாத சரக்கின் விலையை. தங்கள் பேர் ஜனங்கள் வாயில் இருக்கட்டும் என்று ஒரு அறிவிப்பு. சரக்கு எங்களிடம் மலைபோல் இருக்கிறது. இப்போது போய் நாங்கள் எதற்கு விலையைக் குறைக்க வேண்டும்?

இதைத் தலைமையகத்துக்கு எப்படிப் புரிய வைப்பது என்பதுதான் பாக்கி. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. மழை வலுத்தது. கார் இல்லை. கண்ணில் பட்ட பெரிய கடைக்குள் ஓடினோம்.

ஊறுகாய்

அது அன்வர் பாய் கடை. தெருவிலேயே பெரிய வியாபாரிகளில் ஒருவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மருதாணிச் சிவப்பில் தாடி, காதுக்கு ஒன்றாக இரண்டு போன். சௌம்யாவை அவருக்குத் தெரியும். "உக்காருங்க, உக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் போனில் போட்டுக்கொண்டிருந்த சண்டையைத் தொடர்ந்தார்.

நான் போனில் மார்ட்டினிடம், விலையைக் குறைக்க வேண்டாம் என்று பேச ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் மறித்தார்.

"மஞ்சுளா, போட்டியாளரின் விலை என் கண் முன்னால் இருக்கிறது. குவியலும் என் கண் முன்னால் இருக்கிறது."

அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் அன்வர் பாய் தன் விநியோகஸ்தரிடம் கத்தினார்:

"ரேட்டு இருக்கு, ரேட்டு இருக்குன்றே! ரேட்டை வச்சிக்கினு நான் இன்னா ஊறுகாயா போடறது? மால் குடு பாய், மால்!"

எல்லாம் திரையில் கேட்டுவிட்டது. மார்ட்டின் முன்னால் குனிந்தார்.

"அந்த மனிதர் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறார்?"

"போட்டிக்காரரின் விலையைத்தான் திட்டுகிறார். விலை மட்டும் வந்திருக்கிறது, சரக்கு வரவில்லை. அந்த விலையை வைத்துக்கொண்டு நான் ஊறுகாயா போடுவது என்று கேட்கிறார்."

மொழிபெயர்த்ததும் மார்ட்டினுக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெண் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"காட்டுங்கள்" என்றார் மார்ட்டின்.

போனைக் கவுன்டர் பக்கம் திருப்பினேன். அப்போது குடையை மடக்கியபடி ஓர் அம்மா உள்ளே வந்தார். ஈஜிபுராவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். பழைய கம்ப்யூட்டர் காலையில் செத்துப்போச்சு, புதுசாக ஒன்று மாட்டித் தர வேண்டும். கேட்டது போட்டிக்காரனின் சிப்பை, பெயர் சொல்லி. விலை குறைந்துவிட்டதாகத் தங்கச்சி பையன் சொன்னானாம்.

"ரேட்டு இருக்கும்மா, மால் இல்ல" என்ற அன்வர் பாய், அலமாரியிலிருந்து எங்கள் பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "இத எடுங்க, நல்லா ஓடும்."

"இது ஜாஸ்தியா இருக்கே பாய்."

"இருக்கிற மாலுக்கு இருக்கிற ரேட்டும்மா."

அந்த அம்மா பெட்டியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். சௌம்யா என் முழங்கையை நெரித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து வருஷ உழைப்பு, எங்கள் ஏரி, எங்கள் அடுத்த சிப், எல்லாம் அந்த ஈரக்கையில் இருந்தது. ஓடிப்போய் அவர் காலைத் தொடலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஓடலன்னா?"

"என் கடை எங்க ஓடிடப்போவுது? வந்து என் சட்டையப் புடிங்க."

"சரி, பில்லு போடுங்க. நாளைக்குக் கடை தொறக்கணும், ஹால் டிக்கெட்டுக்குப் பசங்க வந்து நிப்பாங்க."

நான் மெல்ல மொழிபெயர்த்துச் சொல்ல, திரையில் நான்கு பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மார்ட்டின் பேசினார்.

"ஒரு மாதம். விலை அப்படியே இருக்கட்டும். ஒரு மாதத்தில் குவியல் கரையவில்லை என்றால் உல்சூ-இரண்டு உங்கள் ஊரில் இல்லை. சம்மதமா?"

"சம்மதம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அன்வர் பாய் இரண்டு போனையும் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

கரைந்தது

அந்த ஒரு மாதம் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. சௌம்யா தினமும் காலையில் வந்து கட்டைவிரலை உயர்த்துவாள், அல்லது பக்கவாட்டில் ஆட்டுவாள். முதல் வாரம் ஆட்டம்தான். ரகு கோயில் கோயிலாகப் போனார். இரண்டாவது வாரம் ஹைதராபாத்திலிருந்து ஒரு விநியோகஸ்தர் இன்னும் வேண்டும் என்றார். பிறகு சென்னை கேட்டது. பிறகு நாக்பூர். அப்புறம் எங்களை யாரும் பிடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் நின்றுபோனால் யாராலும் மூன்று மாதம் காத்திருக்க முடியாது அல்லவா? கையில் இருப்பதை வாங்கினார்கள். கையில் இருந்தது அல்சூர்.

மாதக் கடைசியில் கிடங்கில் தரை தெரிந்தது. அல்சூர்-இரண்டு பெங்களூருக்கே என்று மின்னஞ்சல் வந்த அன்று அலுவலகத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கேசரிபாத் வாங்கிக் கொடுத்தேன். சௌம்யா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "அடுத்தது ஹெப்பால்" என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன். "எல்லாம் வித்துப்போச்சும்மா!"

"நீ விக்கலன்னு சொன்னியே?" என்றாள் அம்மா.

நேர்மை

அல்சூருக்கு அடுத்த முறை தகடு கேட்க வேண்டிய நாள் வந்தது. நாங்கள் மூவரும் ரகு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து சத்தியம் செய்தோம். ஒரு தடவை தப்பித்தது நம் அதிர்ஷ்டம். இனி யாரும் உப்புப் போடக் கூடாது. உள்ளதை உள்ளபடி கேட்போம். அப்படியே சுத்தமான, உண்மையான தேவையை எழுதி, நானே அனுப்பினேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

மார்ட்டினின் பதில் அன்புடன் வந்தது. நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா, ஆகவே வழக்கம்போல் பாதி. கூடவே சிரிக்கும் முகம் ஒன்று.

உண்மையைத்தான் கேட்டோம் என்று நான் மூன்று முறை எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அவர் ஒரு முறை எழுதினார்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு ஒரு கீபோர்டு வாங்க எஸ்.பி. ரோடு போனேன். அன்வர் பாய் கடையில் நல்ல கூட்டம். முன்னால் நின்ற அம்மாவை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். ஈஜிபுரா ஜெராக்ஸ் கடைக்காரர்! இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்க வந்திருக்கிறார்.

"போன தடவ குடுத்தீங்களே பாய், அதே பொட்டி வேணும். சூப்பரா ஓடுது. வேற எதும் வேணா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெயர் தெரியாமல், ஏரி தெரியாமல், எங்கள் சிப்தான் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் என் காது கேட்கக் கேட்கிறார். அவர் தோளைத் தொட்டு, நாங்கள்தான் அதைச் செய்தோம் என்று சொல்லக் கையைத் தூக்கிவிட்டேன்.

அன்வர் பாய் உதட்டைப் பிதுக்கினார்.

"அதுக்கு ரேட்டு இருக்கும்மா, மால் இல்ல." அலமாரியிலிருந்து போட்டிக்காரனின் புத்தம் புதுப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "இத எடுங்க, நல்லா ஓடும்."

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, நாளைக்குக் கடை திறக்க வேண்டும் என்று சொல்லிப் பணத்தை எண்ண ஆரம்பித்தார்.

கீபோர்டு வாங்காமலே நான் தெருவுக்கு வந்துவிட்டேன். கோபத்தோடு சிரிப்பு வேறு பீறிட்டுக்கொண்டு வருகிறது. அல்சூரைக் கேட்டு வருகிறார்கள்! கேட்டும் கிடைக்கவில்லை! ஒயர் சுருள் விற்கிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அங்கேயே நின்று ரகுவுக்குப் போன் போட்டேன்.

"ரகு, அடுத்த தடவைக்கு எவ்வளவு கேக்கறதா இருக்கீங்க?"

"உள்ளதைத்தானே கேக்கணும்னு சத்தியம் பண்ணினோம்? நீயே சொல்லு, எவ்வளவு?"

"மூணு மடங்கு" என்றேன். "அதுக்கு மேல நீங்களும் கொஞ்சம் போட்டுக்கோங்க."